தேதி வரியைத் தாண்டாதவர்

மனித குலத்தில் 'எழுதியிருக்கேனே' என்றோர் இனம் உண்டு. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். கண், காது, மூக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். வாயும் இருக்கும், ஆனால் அது சாப்பிடுவதற்கும், கொட்டாவி விடுவதற்கும், "அதான் எழுதியிருக்கேனே, பாக்கலையா?" என்று கேட்பதற்கும் மட்டுமே ஏற்பட்டது. ஒரு விஷயத்தை எங்கேயாவது ஒரு மூலையில் எழுதிவைத்துவிட்டால் அதை ஊர் உலகத்துக்கே சொல்லியாகிவிட்டது என்பது இவர்கள் கட்சி. எழுதியதை யார் படித்தார்கள், படித்தவருக்குப் புரிந்ததா, புரிவதற்குள் காரியம் கெட்டுப்போனதா என்பதெல்லாம் இவர்கள் இலாகா இல்லை.

உங்களுக்கு அறிமுகம் இல்லாதவர்களா என்ன? நாளைக் காலை தண்ணீர் வராது என்ற சேதியை லிஃப்ட் கதவில், கதவு திறந்த மாத்திரத்தில் சுவருக்குள் போய் ஒளிந்துகொள்கிற பக்கமாகப் பார்த்து ஒட்டிவிட்டு, மறுநாள் நீங்கள் தலை நிறையச் சோப்பு நுரையோடு, கண்ணைத் திறக்க முடியாமல், இடுப்புத் துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்று நியாயம் கேட்கும்போது, "நேத்தே ஒட்டியிருந்தேனே" என்கிறாரே குடியிருப்புச் சங்கச் செயலாளர், அவர் யார்? இந்த இனம்தான். ஊருக்குக் கிளம்பும்போது கேஸை மூடச் சொல்லாமல், சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் 'கேஸ்' என்று எழுதிவிட்டுப் போகிற மைத்துனர்? அவரும்தான். இவர்களோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாரும் கிடையாது. ஏனென்றால் போய்ப் பார்த்தால், பாவி மனிதர், நிஜமாகவே எழுதித்தான் இருப்பார்.

இந்த இனத்தின் உச்சகட்ட வளர்ச்சியை நீங்கள் பார்க்க வேண்டுமானால் என்னோடு ஓர் ஆபீஸின் மூன்றாவது மாடிக்கு வர வேண்டும். வரிசையாக மேஜைகள், மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு ஒரு கழுத்துவலிக்காரர். பிரிண்டருக்குப் பக்கத்தில், முதுகுக்கு ஒரு குட்டித் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, ஐம்பதைத் தாண்டியவர், அவரைத்தான் சொல்கிறேன். ஆபீஸில் அவருக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருந்தார்கள். அது சம்பள நாளில் மட்டும் உபயோகப்படும்.

அடிக்குறிப்பின் வேலை என்ன என்று கேட்டால் அவரே ஒரு முழு மாலைப்பொழுது சொல்வார். நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நமக்கு வரும் ஒவ்வொரு மெயிலின் தலையிலும், நம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியாதபடி, ஒரு தேதி வரி இருக்கிறது. என்ன கிழமை, என்ன தேதி, எத்தனை மணி, கடைசியில் அது எந்த ஊர் மணி என்பதற்கு ஒரு கூட்டலோ கழித்தலோ போட்டு நாலு எண். இந்த வரியை உலகத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதித் தொலைக்கிறார்கள். அதைப் படித்துப் புரிந்துகொண்டு வருஷம், மாதம், மணி என்று பிரித்துக் கொடுப்பதற்குக் குட்டிக் குட்டி நிரல்கள் உண்டு. அவற்றுக்கு ஃபங்ஷன் என்று பெயர். அந்த ஆபீஸார் செய்து விற்கும் நிரல் தொகுப்பில் இந்த வேலைக்கென்று இரண்டு ஃபங்ஷன்கள் இருந்தன. ஒன்று மணியைச் சொல்லும், எந்த ஊர் மணி என்று சொல்லாது. இன்னொன்று ஊர்க் கணக்கையும் சேர்த்துச் சொல்லும். வரி தாறுமாறாக இருந்து படிக்கவே முடியாமல் போனால் இரண்டுமே 'ஒன்றுமில்லை' என்று பதில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

அவ்வளவுதான். நான் ஒரு பத்தியில் சொல்லிவிட்டேன். அடிக்குறிப்பு இதற்கு ஒரு கையேடு எழுதினார். எழுதினார், எழுதினார், பதினோரு வருஷமாக எழுதிக்கொண்டே இருந்தார். உபயோகிக்கும் முறை நாலு வரி. மிச்சம் எல்லாம் எச்சரிக்கை, விலக்கு, விலக்குக்கு விலக்கு, 'மேற்படி விலக்கு பின்வரும் சந்தர்ப்பத்தில் பொருந்தாது' என்று ஒரு குறிப்பு, அந்தக் குறிப்பின் காலடியில் எறும்பு சைஸ் எழுத்தில் இன்னொரு குறிப்பு. படிப்பவர் தவறான ஃபங்ஷனை எடுத்துவிடக் கூடாதே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதியதில், எது சரியான ஃபங்ஷன் என்பது கையேட்டின் நட்டநடுவில், யார் கைக்கும் எட்டாத இடத்தில் போய்ச் சேர்ந்தது.

விபரீதம் என்னவென்றால், அந்த நிரல்களை உபயோகிக்கிற பையன் அவருக்குப் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தான். கையை நீட்டினால் தோளைத் தொடலாம். அவன் ஒரு பல் மருத்துவமனைக்காக, நோயாளிகள் மெயில் அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க நேரம் ஒதுக்கித் தரும் நிரல் எழுதிக்கொண்டிருந்தான். அதில் ஊர்க் கணக்கு பார்க்காத ஃபங்ஷனைப் போட்டான். போட்டதை அடிக்குறிப்பு பார்த்தார். ஓரக்கண்ணால் நன்றாகவே பார்த்தார். சொன்னாரா? சொல்வாரா? கையேட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து, 'மேற்படி ஃபங்ஷனை இதுபோன்ற காரியங்களுக்குப் பயன்படுத்துவது உசிதமல்ல' என்று புதிதாக ஒரு வரி சேர்த்துவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

வேறு ஊர் மணிக்கு நேரம் ஒதுக்கப்பட்ட பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. மேலாளர் எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். தப்பான ஃபங்ஷனைப் போடறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதான் எழுதியிருக்கேனே."

"எங்க?"

"கையேட்டுல. ஏழாவது பகுதி, மூணாவது குறிப்புக்குக் கீழ."

"பக்கத்துலதானே உக்காந்திருக்கான். 'தம்பி, இது வேணாம், அதைப் போடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அடிக்குறிப்பு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாயால் சொன்னதற்கு என்ன ஆதாரம்? நாளைக்கு எங்கே தேடுவது? மேலாளர் என்று ஒரு பதவியில் உட்கார்ந்துகொண்டு இப்படியும் ஒரு மனிதர் பேசுவாரா என்று அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "மேலாளர்களுக்கு ஒரு முன்னுரை" என்று அன்று மத்தியானமே கையேட்டில் ஒரு புதுப் பகுதி ஆரம்பித்தார்.

ஆபீஸில் இப்படி என்றால் வீட்டில் எப்படி என்று கேட்கிறீர்கள். வீட்டில் இன்னும் பேஷ். குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுக்கக் காகிதம். அதைத் திறந்து பால் எடுப்பதற்கு மனைவி ஒரு தனிப் பிடி கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்த அம்மாள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்கு வந்தால் கணக்குப் பார்க்காத மனுஷி. கணவர் ஒட்டிய காகிதங்களில் பாதியைப் படிப்பார், மீதியைப் படித்ததாகச் சொல்லிவிடுவார். முப்பது வருஷக் குடித்தனம் வேறு எப்படி நடக்கும்?

ஒரே மகள். மிருக வைத்தியர். அப்பாவின் மூக்கு, அம்மாவின் வாய். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் மகள் அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்து, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது, சைக்கிள் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார், நல்ல மாதிரி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். நேருக்கு நேர் கேட்டாள், பாருங்கள். அடிக்குறிப்புக்கு அந்தப் பையனைப் பிடிக்கவில்லை என்று இல்லை. மகள் வீட்டைவிட்டுப் போய்விடுவாள் என்ற பயம். அதைச் சொல்லியிருந்தால் அவளும் அழுதிருப்பாள், இவரும் அழுதிருப்பார், அம்மாள் இருவருக்கும் மூக்குச் சிந்தத் துணி கொடுத்திருப்பார், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இவர் "யோசிச்சு எழுதறேன்" என்றார்.

எழுதினார். மகள் அடுத்த அறையில் இருந்தாள். அவளுக்கு மெயில் போனது. ஆறு பக்கம். 'பின்னணி', 'அனுகூலங்கள்', 'வரம்புகள்', 'தெரிந்த குறைபாடுகள்' என்று தலைப்புப் போட்டு அந்தச் சைக்கிள் கடைக்காரரைப் பிரித்து மேய்ந்திருந்தார். அனுகூலங்கள் என்ற தலைப்பின் கீழ் 'பின்னர் சேர்க்கப்படும்' என்று இருந்தது. மகளிடமிருந்து "படிச்சேன்" என்று ஒரே வார்த்தை பதிலாக வந்தது. அடுத்த மாதம் தூரத்து ஊர் ஒன்றில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். விமானத்தில் போக வேண்டிய தூரம், கடிகாரமே வேறு. அம்மாவோடு தினம் போனில் பேசினாள். அப்பாவோடு பேசவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. ஒற்றை வார்த்தையெல்லாம் பதிலில் சேராது; அவர் கணக்குப்படி கடைசியாக எழுதியவர் அவர், முறை அவளுடையது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீஸில், அடிக்குறிப்புக்கு ஒரு மெயில் வந்தது. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த மெயில் வந்தாலும் படிப்பதற்கு முன் அதன் தேதி வரியைத் தம் ஃபங்ஷனுக்குள் போட்டுப் பார்ப்பார். அரிசி வாங்கினால் உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்ப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி. அன்றும் போட்டார். விடையைப் பார்த்தவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

கழித்தல் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்.

உங்களுக்கு இது ஒன்றும் இல்லை. பூஜ்யத்துக்குக் கூட்டல் போட்டால் என்ன, கழித்தல் போட்டால் என்ன என்பீர்கள். கணக்கு டீச்சரான அவர் மனைவியே அப்படித்தான் சொல்வார். ஆனால் மெயில் உலகத்தில் கூட்டல் பூஜ்யம் என்றால் ஊர்க் கணக்கு பூஜ்யம் என்று அர்த்தம். கழித்தல் பூஜ்யம் என்றால், 'மணி இதுதான்; நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று மட்டும் கேட்காதே' என்று அர்த்தம். அடிக்குறிப்பு இதைப் பற்றிக் கையேட்டில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். "இதெல்லாம் நிஜத்துல வராது சார், சும்மா இடத்தை அடைக்குது" என்று ஆபீஸே அவரைக் கேலி பண்ணியிருந்தது. இதோ, வந்துவிட்டது. சொந்த மெயில் பெட்டியில், பச்சைப் பசேலென்று.

அனுப்பியது யார் என்று அப்புறம்தான் பார்த்தார். மகள்.

இங்கே நான் அவருக்கு நியாயம் செய்தாக வேண்டும். பெயரைப் பார்த்தவுடன் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். 'அப்பா,' என்ற முதல் வார்த்தை தெரிந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கும்? திட்டியிருப்பாளோ? உடம்பு சரியில்லையோ? எதையாவது கேட்டிருப்பாளோ, உடனே இவர் ஏதாவது சொல்லியாக வேண்டியிருக்குமோ? தேதி வரி பாதுகாப்பான இடம். அங்கே எல்லாம் இவருக்குத் தெரியும். அதற்குக் கீழே இறங்க இவருக்குப் பயமாக இருந்தது. அந்த வரியை மட்டும் நகல் எடுத்துக் கையேட்டில் ஒட்டி, 'நடைமுறை உதாரணம்' என்று தலைப்புக் கொடுத்தார். இந்தப் பகுதியை முடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, நிதானமாக மெயிலைப் படிக்கலாம் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். பகுதி எப்போது முடியும்? இவர் எழுதுகிற பகுதி முடிந்ததாகச் சரித்திரம் உண்டா?

திங்கள் போனது. செவ்வாய் போனது. மனிதர் உற்சாகமாக இருந்தார். குளிக்கும்போது பாட்டு. சட்டைக்கு இஸ்திரி. பக்கத்து மேஜைப் பையனைக் கூப்பிட்டு மெயிலின் தேதி வரியைக் காட்டினார். மற்றதைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"யார் சார் அனுப்பினது?"

"அது முக்கியமில்லப்பா. கடைசி நாலு எண்ணைப் பாரு."

வீட்டில் அம்மாள் இந்தக் கூத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மகள் எல்லாம் சொல்லியிருந்தாள். கூடவே ஒரு சத்தியமும் வாங்கியிருந்தாள்: "அம்மா, நான் அப்பாகிட்டயே கேட்டிருக்கேன். நீ ஒண்ணும் சொல்லக் கூடாது, கெஞ்சக் கூடாது. அவரா என்ன சொல்றாரோ அதுதான்." ஆகவே அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கணவர் மெயிலைப் படித்துவிட்டார், படித்துவிட்டு இப்படிப் பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிறார் என்றுதான் நினைத்தார். புதன்கிழமை தட்டை வைத்த வேகத்தில் சாம்பாரோ சாறோ, எதுவோ ஒன்று மேஜையில் சிந்தியது. 'மேஜை விரிப்பை ஈரத் துணியால் துடைக்கவும்' என்று அடிக்குறிப்பு ஒரு காகிதம் எழுதி ஒட்டினார். அந்த மனுஷி அவரை அந்த இடத்திலேயே கொன்றுபோடாதது பெரிய விஷயம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. கணவர் சோபாவில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, உதட்டுக்குள் சிரித்துக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அம்மாள் எதிரில் வந்து நின்றார்.

"என்னங்க, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"என்ன ஆச்சு?"

"பொண்ணு மெயில் போட்டு நாலு நாளாச்சு. என்ன பதில் எழுதினீங்க?"

அடிக்குறிப்பின் முகம் மலர்ந்தது. "உனக்கும் சொன்னாளா? அற்புதமான மெயில். பதினோரு வருஷமா இப்படி ஒண்ணு கிடைக்காதான்னு தேடிட்டிருந்தேன். உக்காரு, காட்டறேன். இந்த மெயில்ல விசேஷம் என்னன்னா, அவ எங்க இருக்கான்னு அது சொல்லவே இல்லை."

"அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். நீங்க எங்க இருக்கீங்க?"

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. அடிக்குறிப்பு நிமிர்ந்து பார்த்தார். மனைவியின் கண் சிவந்திருந்தது.

"உள்ள என்ன எழுதியிருக்கான்னு படிச்சீங்களா இல்லையா?"

அவர் மறுபடி தேதி வரியைப் பார்த்தார். அம்மாள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். நாலு நாளாக அவருக்கு இருந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் திணறியது. கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துச் சண்டை போட வந்தால், மனிதர் கடிதத்தையே படிக்கவில்லை. இதற்கு எந்தச் சண்டை பொருந்தும்?

"படிங்க" என்றார். "சத்தமா படிங்க."

அடிக்குறிப்பு தேதி வரியைத் தாண்டி முதல் தடவையாகக் கீழே இறங்கினார்.

"அப்பா, வர்ற சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு இங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எங்களுக்குக் கல்யாணம். அவரும் கடையை இங்கயே மாத்திக்கிட்டு வந்துட்டார். நீங்களும் அம்மாவும் வரணும்னு ஆசையா இருக்கு. இந்தத் தடவை ஆறு பக்கம் வேணாம்ப்பா. வரேன், வரல, ரெண்டுல ஒண்ணு போதும். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள உங்ககிட்டேருந்து ஒண்ணும் வரலேன்னா வர விருப்பமில்லேன்னு எடுத்துக்கறேன். கோவிச்சுக்க மாட்டேன். அன்னைக்கு நீங்க எழுதினதை அவரும் படிச்சார். பொண்ணு போயிடுவாளேன்னு பயப்படற மனுஷன்தான் இவ்வளவு நீளமா எழுதுவார்னு சொன்னார். எனக்கு அது அப்பத் தெரியலப்பா."

அடிக்குறிப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார். ஒரு சைக்கிள் கடைக்காரர் தம்மை இவ்வளவு சரியாகப் படித்திருக்கிறார். 'தெரிந்த குறைபாடுகள்' என்று ஒன்றரைப் பக்கம் எழுதியதை நினைத்து அவருக்கு இப்போது உடம்பெல்லாம் கூசியது.

பிறவிக்குணம் எங்கே போகும்? அடுத்த நொடியே கேட்டார்: "வியாழக்கிழமை சாயங்காலம்னா, எந்த ஊர் சாயங்காலம்? அதைக் குறிப்பிடலையே. அங்க இப்ப மணி என்ன இருக்கும்? கூட்டணுமா, கழிக்கணுமா? கோடைக் காலத்துல அவங்க வேற கடிகாரத்தை மாத்துவாங்களோ என்னவோ..."

"அங்க ஒன்பதாகுது. சாப்பிட்டு முடிச்சிருப்பா" என்றார் அம்மாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, விரல் விட்டு எண்ணவில்லை. இரண்டு வருஷமாகத் தினம் போன் பண்ணுகிறவருக்கு எந்த ஃபங்ஷன் வேண்டும்?

அப்படியானால் சாயங்காலம் முடிந்துவிட்டது. இந்நேரம் மகள் 'ஒண்ணும் வரல' என்று முடிவுகட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். அடிக்குறிப்பு மடிக்கணினியை இழுத்துக்கொண்டார். தட்ட ஆரம்பித்தார். 'அன்புள்ள மகளுக்கு' என்று போட்டார். அழித்துவிட்டு 'அன்பு மகளுக்கு' என்று போட்டார். தாமதத்துக்கான காரணங்கள் என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே முதலாவது, இரண்டாவது. கழித்தல் பூஜ்யம் பற்றி ஒரு சிறு விளக்கம், அவள் புரிந்துகொள்ள வேண்டுமே. பயணம் என்று இன்னொரு தலைப்பு. அம்மாள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 'வருகிறோம்' என்ற வார்த்தை எங்கேயாவது வருகிறதா என்று தேடினார். இரண்டாம் பக்கம் ஆரம்பித்தும் வரவில்லை.

போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார். மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் கணவரின் காதில் வைத்தார்.

"என்ன பண்றே? எழுதிட்டிருக்கேனே, இன்னும் அஞ்சு நிமிஷத்துல..."

"பேசுங்க."

மறுமுனையில் போன் எடுக்கப்பட்டது. "அம்மா" என்றாள் மகள். குரல் சோர்ந்திருந்தது. "ஒண்ணும் வரலம்மா. பரவாயில்ல, விடு. நீ மட்டும் வா."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்கிற குரல். அடிக்குறிப்பு வாயைத் திறந்தார். விரல்கள்தான் பழக்கதோஷத்தில் மடியில் தட்டிக்கொண்டிருந்தன.

"அம்மா? கேக்குதா?"

"நான்தாம்மா" என்றார். "அப்பா. விவரமா ஒரு மெயில் எழுதிட்டிருக்கேன், இப்ப வந்துடும், அதைப் படிச்சுப் பாத்தீன்னா..."

"அப்பா, வரீங்களா, வரலையா?"

அந்த அறையில் அப்போது மூன்று பேர் காத்திருந்தார்கள் என்று சொல்லலாம். சோபாவில் ஒருவர், பக்கத்தில் ஒருவர், கடிகாரம் வேறான ஊரில் ஒருத்தி. எழுதினால் திருத்தலாம், கீழே குறிப்புப் போட்டுத் தப்பிக்கலாம். சொன்னால் சொன்னதுதான். ஐம்பது சொச்சம் வயதில் அந்த மனிதர் அப்படி ஒரு காரியத்தை, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், செய்தார்.

"வரேன்மா."

போனில் சத்தமே இல்லை. அடிக்குறிப்பு பதறிப்போனார். "ஹலோ? கேக்குதா? ஒண்ணுமே வரலையே. லைன் போயிடுச்சா?"

"லைன் இருக்கு. அழறா" என்றார் அம்மாள். "சும்மா இருங்க."

சும்மா இருந்தார். ஒன்றும் வராத அந்தப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நாம் மூச்சு விடுகிற நேரத்தில், மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா ஒரு விஷயம், அந்த ரிஜிஸ்டர் ஆபீஸ் பத்து மணிங்கறது..." என்று ஆரம்பித்தார்.

அம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

இவ்வளவுதான் அடிக்குறிப்பு. மோசமான மனிதர் இல்லை என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். இந்த இனத்தில் மோசமானவர்கள் குறைவு. வாய்க்கு வருவதைச் சொல்லப் பயந்து விரலுக்கு இறக்கிவிடுகிறவர்கள், அவ்வளவே. நீங்கள் அப்படி இல்லை. நீங்கள் நேருக்கு நேர் பேசுகிறவர். படிக்கும்போதே உங்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். அண்ணனோ, மேலதிகாரியோ, கூடவே குடித்தனம் நடத்துகிறவரோ. "அச்சு அசலா அவர்தான்" என்று சிரித்திருப்பீர்கள். அவரிடம் போய் இதை எப்படி வாயால் சொல்வது, சங்கடமாயிற்றே என்று இந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து, ஒரு வார்த்தையும் சேர்க்காமல், அவருக்கு அனுப்பிவைப்பீர்கள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். நாலு நாள் பொறுப்பீர்கள். ஐந்தாம் நாள் அதே கூடத்தில், அதே மனிதருக்கு எதிரில் உட்கார்ந்து, உங்களுக்கே தெரியாமல் கேட்பீர்கள்:

"ஒண்ணு அனுப்பியிருந்தேனே, பாக்கலையா?"